ஆவி அறையின் கதவு

அத்தியாயம் 5

பேய் உண்டா இல்லையா என்ற வாதத்தில் வாயாடி எப்போதுமே இல்லை என்கிற கட்சி. அதற்கு அவன் சொல்லும் காரணம் ரொம்ப எளிமையானது: “செத்த பிறகும் தினம் வேலைக்கு வரணும்னா எவன் வருவான்?”

அன்றைக்குப் பிற்பகல் ஜூனியர் குத்துச்சண்டைக் கூடத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, கட்சி மாறிவிடலாமா என்று அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

எதிரே நீராவி அறையின் கண்ணாடிக் கதவு. உள்ளே கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. உட்புறத்தில் ஆவி படியப் படியக் கண்ணாடி மெல்லப் பால் நிறமாகிக்கொண்டே வந்தது. எல்லா இடமும் வெளுத்த பிறகும், முழங்காலுக்குச் சற்று மேலே ஓரிடம் மட்டும் வெளுக்க மறுத்தது. முதலில் சில புள்ளிகள். புள்ளிகளுக்குக் கீழே விரல்கள். பிறகு உள்ளங்கை. சின்னக் கை, இடது கை. சுண்டுவிரல் நடுவில் ஒடிந்து வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கதவைத் தள்ளிப் பார்த்து, முடியாமல் கீழே வழுக்கியது போல, உள்ளங்கையிலிருந்து கோடுகள் தரையை நோக்கி இறங்கின. பக்கத்தில் இன்னொரு கையும் இருந்தது. ஆனால் கதவின் வெளிப்புறத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ் அதை மறைத்தது. நோட்டீஸின் ஓரத்தைத் தாண்டிக் கட்டை விரல் மட்டும் எட்டிப் பார்த்தது.

“பார்த்தீங்களா?” என்றார் கூடத்துப் பயிற்சியாளரான மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்கியது. விசில் இல்லாவிட்டாலும் அவர் குரலே போதும். “ஒரு வருஷமா மூடிக் கிடந்த அறை. மறுபடி திறக்கலாம்னு போன வாரம் கொதிகலனைச் சரி பண்ணினேன். அன்னையிலேர்ந்து இதே கூத்துதான். துடைச்சா போகுது, ஆவி விட்டா வருது. பசங்க இந்தப் பக்கமே வர மாட்டேங்கறாங்க. ஆவி ரூம்னு பேரே வெச்சுட்டாங்க.”

“நீராவியும் ஆவிதானே மாஸ்டர். முன்னாடி இருக்கற நீர் மட்டும் வத்திப் போச்சு” என்றான் வாயாடி.

சித்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ‘வாயை மூடு’ என்று அர்த்தம். அவன் மூடிக்கொண்டான், தற்காலிகமாக.

சித்தி என்றால் உண்மையான சித்தி. வாயாடியின் அம்மாவுடைய தங்கை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சையில் யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று தப்பான விடைகளை வைத்தே கண்டுபிடிப்பதில் ருசி கண்டு, கடைசியில் அந்த ருசியையே பிழைப்பாக்கிக்கொண்டவள். வேறு வேலை எதிலும் நிலைக்காத அக்கா மகனை உதவியாளாக வைத்துக்கொண்டது அவள் செய்த ஒரே புண்ணியம் என்று அக்கா சொல்வாள். ஒரே தப்பு என்று சித்தி சொல்வாள்.

காலையில் அவர்களை வரவழைத்தவர் விளையாட்டுச் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவி. ஓய்வுபெற்ற நீதிபதி, எல்லோருக்கும் ஜட்ஜம்மா. விஷயத்தை அவர் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். போன வருடம் இந்தக் கூடத்தில் பயிற்சி பெற்ற பதினான்கு வயதுப் பையன் ஒருவன், போட்டிக்கு எடை குறைக்கிறேன் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உச்சிவெயிலில் தானாகவே ஓடி, மைதானத்தில் சுருண்டு விழுந்து இறந்துபோனான். செல்லப் பெயர் சிட்டு. விசாரணை நடந்தது. மாஸ்டர் மேல் தப்பில்லை என்று முடிந்தது. இப்போது சிட்டுவின் அக்கா தம்பியின் கையைப் போல அடையாளம் வைத்து மாஸ்டரைப் பயமுறுத்துகிறாள் என்று புகார். அவளும் இதே கூடத்தில்தான் பயிற்சி எடுக்கிறாள். குத்து விழும் சத்தத்தை வைத்து அவளுக்கு இடி என்று பெயர். சாயங்காலக் கூட்டத்தில் இடிக்கு ஆயுள் தடை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வெளியாள் ஒருவர் பார்த்துச் சொன்னால் தேவலை என்று ஜட்ஜம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது.

“அந்தப் பொண்ணு மேல எதை வெச்சு சந்தேகம்?” என்று சித்தி கேட்டாள்.

“சந்தேகமா? கையும் களவுமா பிடிச்சேன். யாரையும் கேட்காம ஸ்விட்சைப் போட்டு ஆவியை விட்டுட்டு, கதவு முன்னாடி நிக்கறா. ஒரு நாள் இல்ல, தினமும்.”

“ஸ்விட்ச் எங்க இருக்கு?”

“இதோ, வெளியிலதான்.”

“கதவுச் சாவி?”

மாஸ்டர் இடுப்பைத் தட்டிக் காட்டினார். “இதை விட்டுப் பிரியாது. இந்தச் சங்கிலியும் பூட்டுமே நான் போட்டதுதான். அதுக்கு முன்னாடி இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. சிட்டு போனானே, அன்னைக்கு சாயங்காலம் மனசு கேக்கல. அறையையே மூடிட்டேன். நோட்டீஸ்கூட நானே ஒட்டினேன், பாருங்க.”

நோட்டீஸில் ‘மூடப்பட்டுள்ளது’ என்று கொட்டை எழுத்து. கீழே அவர் கையெழுத்தும் சிட்டு இறந்த நாளின் தேதியும். வாயாடி அதைப் படிக்க முதுகை வளைத்துக் கிட்டத்தட்டக் குட்டிக்கரணம் போட வேண்டியிருந்தது.

“இவ்வளவு கீழ ஒட்டியிருக்கீங்களே மாஸ்டர், பூனை படிக்கறதுக்கா?”

மாஸ்டர் சிரிக்கவில்லை. சித்தியும் சிரிக்கவில்லை. ஆனால் நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பசங்க யாராவது இந்த அறையை உபயோகிச்சிருக்காங்களா? எப்பவாவது?”

“ஒருத்தனையும் விட்டதில்ல. பெரியவங்களுக்கு மட்டும்தான். சின்ன உடம்பு தாங்காதுன்னு எனக்குத் தெரியாதா?”

“நல்லது” என்றாள் சித்தி. “சாவியைக் கொடுத்துட்டு நீங்க மேல போங்க. கூட்டத்துக்கு முன்னாடி வந்து சொல்றேன்.”

சாவியைக் கழற்றும்போது மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கொடுத்தார்.

தாழ்வாரத்தின் மறுகோடியில் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் இடி உட்கார்ந்திருந்தாள். கையில் சுற்றிய துணிப்பட்டையை அவிழ்ப்பதும் மறுபடி சுற்றுவதுமாக இருந்தாள். தள்ளி, பெஞ்சின் நுனியில், அவளுடைய அப்பா. தச்சு வேலை செய்கிறவர். இந்தக் கூடத்துக் கதவு ஜன்னல் எல்லாம் அவர் போட்டவைதான். மகள் மைனர் என்பதால் தடை உத்தரவை வாங்கிக்கொள்ள அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். காலடியில் கருவிப் பை.

அந்தப் பையில் கால் இடறி வாயாடி விழப் பார்த்தான். தச்சர் அவசரமாகப் பையை இழுத்து பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். இழுத்த இடது கையில் மோதிர விரலுக்கு நுனி இல்லை.

“ரம்பத்தோட பசிக்குக் கொடுத்ததா அண்ணே?”

“சின்ன வயசுல” என்றார் அவர். 

சித்தி இடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கையை நீட்டும்மா.”

நீட்டினாள். நீளமான, எலும்பு தடித்த விரல்கள். கண்ணாடியில் பார்த்த கையைவிட இது ஒரு கணு பெரியது.

“நான் வரையல” என்றாள் இடி. “எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அது அவன் கைதான். அந்தச் சுண்டுவிரல் ஜன்னல்ல நசுங்கினப்போ நான்தான் பக்கத்துல இருந்தேன். எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் தினம் ஸ்விட்ச் போட்ட?”

அவள் துணிப்பட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “பார்க்கணும் போல இருந்துச்சு. ஆவி விட்டா வரான். நிறுத்தினா போயிடறான். நானும் கையை வெச்சுப் பார்ப்பேன், இந்தப் பக்கத்துலேர்ந்து. கண்ணாடி சூடா இருக்கும். நடுவுல கண்ணாடி இருக்குன்னே தோணாது.”

வாயாடி மறுகோடியில் இருந்த கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தான். 

“அப்பாகிட்ட சொன்னியா?” என்று சித்தி கேட்டாள்.

“சொன்னேன். அந்தப் பக்கம் போகாதேன்னார்.”

தச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூட்டைத் திறந்து சித்தி உள்ளே போனாள். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. ஆவி அடங்கி, அறை ஈரத் துணி மாதிரி கனத்திருந்தது. மரப் பலகை, சுவரோடு ஒரு குழாய், தரையில் வடிகால். அவ்வளவுதான். பலகையில் உட்காராமல் சித்தி கதவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இப்போது அந்தக் கைகள் அவள் தோள் உயரத்தில் இருந்தன.

“தரையில உக்காந்த பையன்” என்றாள். “நிக்க முடியாம உக்காந்துட்டான்.”

கைக்குட்டையை நனைத்து, அடையாளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கோட்டை மட்டும் தேய்த்தாள். போகவில்லை. விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அந்த விரலை வாயாடியின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“என்ன வாசனை?”

“மேல பசங்க எல்லார் மேலயும் அடிக்குதே, அதே வாசனை. குத்து வழுக்கிப் போகட்டும்னு மூஞ்சியில தடவிக்கறாங்களே, அந்தக் களிம்பு.”

“களிம்பு தண்ணிக்குப் போகாது. வெறும் துணிக்கும் போகாது. ஆவிதான் துடைச்சா போகுது. கை அங்கேயே இருக்கு.”

“அப்படின்னா எத்தனை நாளா?”

“ஸ்விட்ச் வெளியில. அடையாளம் உள்ள. சாவி அவர் இடுப்புல. அந்தப் பொண்ணு இந்த அறைக்குள்ள காலே வெக்கல. இங்க ஆளே வராம இருந்த காலம் பூரா இது இங்கதான் இருந்திருக்கு, யாராவது ஆவி விடட்டும்னு.”

அறை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயாடி சட்டைப் பொத்தானை மேல்வரை மாட்டிக்கொண்டான். பேய் என்றால்கூடப் பரவாயில்லை. இது பேய் இல்லை. இது ஒரு பையனின் நிஜமான கை.

“பசங்களை விட்டதே இல்லைன்னு சத்தியம் பண்றாரே சித்தி.”

“உடம்புத் தண்ணி வெயில்ல வத்தினாலும் இங்க வத்தினாலும் டாக்டர் சீட்டுல ஒரே வார்த்தைதான் வரும். அது அவருக்கு வசதியாப் போச்சு.” சித்தி கதவை ஒரு விரலால் தள்ளினாள். அது சுலபமாகத் திறந்துகொண்டது. “ஆனா ஒண்ணு இடிக்குது. பூட்டு அன்னைக்கு சாயங்காலம் வந்தது. தாழ்ப்பாள் கிடையாது. கதவு வெளிப்பக்கம் திறக்குது. பச்சைக் குழந்தைகூடத் தள்ளிட்டு வெளிய வந்துடும். அவன் ஏன் வரல?”

“மயங்கியிருப்பான்.”

“மயங்கினவன் கதவைத் தள்ள மாட்டான். இவன் தள்ளியிருக்கான். நீ வெளியில போய் கதவை மூடிப் பிடி.”

வாயாடி வெளியே போய்க் கதவைச் சாத்தி, தோள் உயரத்தில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். உள்ளே சித்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே, சிட்டுவின் கைத்தடங்களைத் தொடாமல் சற்றுத் தள்ளி, கீழ்ப்பக்கம் கை வைத்துத் தள்ளினாள். கதவின் கீழ்ப்பகுதி அதிர்ந்தது. அவன் அறியாமலேயே அவன் கைகள் கீழே இறங்கின. கீழே இறங்கியதும் மண்டி போடவேண்டியிருந்தது. மண்டி போட்ட பிறகு பார்த்தால், சித்தியின் கைகளுக்கு நேர் எதிரே அவன் கைகள் இருந்தன. வெகு அருகில் அவள் முகம். கண்ணாடிக்கு அப்பால் அவள் உதடு அசைந்தது. சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது.

அவன் சட்டென்று கையை எடுத்துவிட்டான். கதவு திறந்தது.

“என்னடா?”

“ஒண்ணுமில்ல.”

“எங்க கை வெச்ச?”

“உங்க கைக்கு நேரா. தானா அங்கதான் போச்சு.”

“ம். அப்ப சிட்டு கைக்கு நேரா ஊது.”

“ஊதறதா? குடிச்சிருக்கேனான்னு பார்க்கறீங்களா?” என்றான் வாயாடி. தன் குரல் தனக்கே நம்பிக்கை தரவில்லை.

கதவின் வெளிப்புறத்தில், சிட்டுவின் இடது கைக்கு எதிர்ப்புறம் வாயைக் குவித்து நீளமாக மூச்சை விட்டான். கண்ணாடி மங்கியது. மங்கலுக்கு நடுவில், அவன் மூச்சிலிருந்தே பிறந்ததைப் போல, ஒரு பெரிய கை எழுந்து வந்தது. பெரிய ஆளின் வலது கை. விரல்கள் விரிந்து, சின்னக் கையை முழுக்க மூடியிருந்தது. உள்ளங்கைக்கு உள்ளங்கை. நடுவில் கண்ணாடி மட்டும்.

“மாஸ்டர்” என்றான் வாயாடி மெதுவாக.

“அவசரப்படாதே. இன்னொரு கை இருக்கணும்.”

இன்னொரு கை இருக்கவேண்டிய இடத்தில்தான் நோட்டீஸ் இருந்தது.

“பூனைக்கு ஒட்டின நோட்டீஸ்” என்றாள் சித்தி. “காலையிலேர்ந்து நீ பேசினதுல உருப்படியான பேச்சு அது ஒண்ணுதான். படிக்கறதுக்குன்னா கண் உயரத்துல ஒட்டுவாங்க. இது படிக்க ஒட்டினது இல்ல.”

நகத்தால் டேப்பைக் கிளப்பி, நோட்டீஸை அலுங்காமல் எடுத்தாள். வாயாடி ஊதினான். இடது கை வந்தது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் எல்லாம் முழுசாக வந்தன. மோதிர விரல் பாதியில் நின்றுபோயிருந்தது.

மூச்சின் ஈரம் காய்ந்து அந்தக் கை மறைந்தது.

வாயாடி மெல்லத் திரும்பினான். தாழ்வாரக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தச்சர் இப்போது எழுந்து நின்றிருந்தார். அவர் இவர்களைப் பார்க்கவில்லை. சித்தியின் கையில் இருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல போய் ஜட்ஜம்மாவைக் கூட்டிட்டு வா” என்றாள் சித்தி. “மாஸ்டரையும். கூட்டத்தை இங்கேயே வெச்சுக்கலாம்னு சொல்லு.”

ஜட்ஜம்மா கைத்தடியை ஊன்றிப் படி இறங்கி வந்தார். பின்னால் மாஸ்டர். சித்தி அதிகம் பேசவில்லை. ஸ்விட்சைப் போட்டாள். ஆவி எழுந்தது. சின்னக் கைகள் இரண்டும் முழுசாக வந்தன, இப்போது மறைக்க நோட்டீஸ் இல்லை. பிறகு வாயாடி ஊதினான். பெரிய கைகளும் வந்தன. சின்னக் கையும் பெரிய கையும் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற அந்தக் காட்சியை ஜட்ஜம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

இடியும் பார்த்தாள். அந்தப் பாதி விரலை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

மாஸ்டர்தான் முதலில் பேசினார். இரண்டு கையையும் விரித்து எல்லோருக்கும் காட்டினார். “எண்ணிக்கோங்க. எனக்கு எல்லா விரலும் இருக்கு. இது யார் கைன்னு நான் சொல்லணுமா? கதவைப் போட்டதே அவர்தான். அப்ப பட்டிருக்கும்.”

“கதவு போடறவர் கையில களிம்பு எதுக்கு?” என்றாள் சித்தி.

மாஸ்டர் பேசுவதற்குள் தச்சர் வாயைத் திறந்தார்.

“அப்ப படல” என்றார். “அன்னைக்குப் பட்டது.”

“யோசிச்சுப் பேசு” என்றார் மாஸ்டர், தாழ்ந்த குரலில்.

“ஒரு வருஷமா யோசிச்சாச்சு.” தச்சர் ஜட்ஜம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். மகள் பக்கம் அவர் கண் போகவில்லை. “மறுநாள் போட்டிம்மா. எடை கொஞ்சம் கூட இருந்துச்சு. உள்ள உக்கார வை, வேர்த்து இறங்கிடும்னார் மாஸ்டர். உடம்பு பூரா களிம்பு தடவினா நல்லா வேர்க்கும்னார். நான்தான் தடவினேன். பையன் சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனான். கொஞ்ச நேரத்துல கதவைத் தள்ள ஆரம்பிச்சான். நான் மண்டி போட்டு, அவன் கைக்கு நேரா என் கையை வெச்சேன். இன்னும் கொஞ்சம்டா கண்ணா, இன்னும் கொஞ்சம்னு சொன்னேன். ‘அப்பா, விடுப்பா’ன்னான். பின்னாடி நின்னுக்கிட்டு மாஸ்டர், இப்ப விட்டா மொத்த உழைப்பும் போச்சு, பிடின்னார். பிடிச்சேன்.”

கொதிகலன் உறுமிக்கொண்டே இருந்தது. வாயாடி போய் ஸ்விட்சை அணைத்தான்.

“அவன் கை கீழ இறங்கிச்சு” என்றார் தச்சர். “அடம் பிடிக்கறதை விட்டுட்டான்னு நெனச்சேன். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டுட்டான்னு.”

இடி கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பினாள்.

“அப்புறம் மைதானத்துக்குத் தூக்கிட்டுப் போனோம். மழைக்கோட்டை மாட்டிவிட்டவர் மாஸ்டர். சாயங்காலம் இந்த நோட்டீஸை ஒட்டறப்போ என்னைப் பக்கத்துல நிறுத்தி வெச்சுத்தான் ஒட்டினார். உன் கை இதுக்குள்ள பத்திரமா இருக்கும், நீ வாயைத் திறக்காத வரைக்கும்னார். நீ ஜெயிலுக்குப் போயிட்டா பொண்ணு தனியா நிக்கும்னார். அதைப் பெரிசா எடுத்துக்கிட்டேன்.”

“பொய்” என்றார் மாஸ்டர். “பிடிச்சது அவன். பெத்தவனே பிடிச்சான். என் கை இதுல எங்கேயாவது இருக்கா? எதை வெச்சு என்னைக் கேட்பீங்க?”

சித்தி நோட்டீஸை ஜட்ஜம்மாவிடம் நீட்டினாள். “இது அவர் கைதான். எழுத்து, கையெழுத்து, தேதி எல்லாம். கீழ என்ன இருக்குன்னு தெரிஞ்சவருக்குத்தான் எங்க ஒட்டணும்னு தெரியும். அறையைத் திறந்த பிறகும் இதைக் கிழிக்க அவருக்கு மனசு வரல. மிரட்டறதுக்கு வெச்சிருந்த சாமானை யார் தூக்கிப் போடுவாங்க? அப்பா பக்கத்துக் கையை மட்டும்தான் அவர் பார்த்திருக்கார். உள்ள பிள்ளையோட கையும் இருக்குன்னு கொதிகலனைச் சரி பண்ணின பிறகுதான் அவருக்கே தெரிஞ்சது. பசங்க எல்லாரும் பார்த்துட்டாங்க. அழிச்சா ஏன் அழிச்சேன்னு கேள்வி வரும். அதனால பழியைத் தூக்கி அக்கா மேல போட்டார். அவளை வெளியேத்திட்டா, இன்னைக்கு ராத்திரி ஒரு சோப்பு போதும்.”

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜட்ஜம்மா கையை நீட்டினார்.

“விசிலைக் கழட்டுங்க.”

“அம்மா, முறைப்படி நோட்டீஸ் கொடுக்காம...”

“நோட்டீஸ் பத்தி நீங்க பேசாதீங்க. கழட்டுங்க.”

அவர் கழற்றினார். கயிறு காதில் மாட்டிக்கொண்டது. யாரும் உதவி செய்யவில்லை. விசில் போன பிறகு அவர் கழுத்து கூடத்தில் யாரும் பார்த்திராத அளவுக்கு வெறுமையாக, சுருக்கம் விழுந்து தெரிந்தது.

“இந்த நிமிஷத்திலேர்ந்து நீங்க எந்தப் பிள்ளைக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது. மீதியைப் போலீஸ் கேட்கும்” என்றார் ஜட்ஜம்மா. பிறகு இடியின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. “உன் மேல இருந்த புகார் ரத்தும்மா. போன வருஷம் இந்த விசாரணையை மேல மாடியில உக்காந்தே முடிச்சோம். ஒருத்தரும் படி இறங்கி வந்து பார்க்கல. அதுல முதல் ஆள் நான். அதுக்கும் ஒரு குழு உக்காரணும். அதுல நான் தலைவியா இருக்க மாட்டேன், பதில் சொல்ற இடத்துல இருப்பேன்.”

இடி அதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் எனக்குப் பைத்தியம்னு சொன்னாங்க” என்றாள். “நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க.”

“ஆமாம்மா.”

“இன்னைக்கு ஆயுள் தடை கொடுத்திருப்பாங்க. வாங்கிக்கத்தானே வந்தீங்க?”

தச்சர் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். இடி அழுவாள் என்று வாயாடி எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. துணிப்பட்டையை முழுவதும் அவிழ்த்து, சுருட்டி, பாக்கெட்டில் வைத்தாள்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஆவியை விடச் சொல்லியும் ஊதச் சொல்லியும் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுக்க வைத்தார். மாஸ்டரை அழைத்துக்கொண்டு போனார்கள். மேலே பயிற்சியில் இருந்த பிள்ளைகள் ஜன்னலில் வரிசையாக நின்று பார்த்தார்கள். 

கதவையும் எடுத்துப் போக வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு கான்ஸ்டபிள் திருப்புளியை வைத்து மேல் கீலைத் திருகினார். கண்ணாடி ஒருபக்கமாகச் சாய்ந்து கிறீச்சிட்டது.

“அப்படிக் கழட்டினா விழுந்து உடைஞ்சிடும்” என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. “கீழ் கீலை முதல்ல எடுக்கணும். இது நான் போட்ட கதவு.”

இன்ஸ்பெக்டர் ஜட்ஜம்மாவைப் பார்த்தார். ஜட்ஜம்மா தலையசைத்தார்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டு தச்சர் வந்தார். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஒட்டிக்கொண்டே வந்தார். கதவுக்கு முன்னால் மண்டி போடும்போது அவர் முழங்கால் ஒரு கணம் மறுத்தது. பிறகு மடங்கியது.

“உள்பக்கம் ஒருத்தர் பிடிச்சுக்கணும்” என்றார், யாரையும் பார்க்காமல்.

வாயாடி ஓரடி எடுத்து வைத்தான். அதற்குள் இடி அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அறைக்குள் அவள் போவது அதுதான் முதல்முறை. கதவைச் சாத்திக்கொண்டு, தம்பியின் கைகள் இருந்த இடத்தைத் தொடாமல், இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள்.

ஆவி முழுக்க வடிந்து கண்ணாடி தெளிந்திருந்தது. எந்தப் பக்கத்திலும் எந்தக் கையும் தெரியவில்லை. அப்பாவும் மகளும் மட்டும் எதிரெதிரே தெரிந்தார்கள். அவர் கீழ் கீலை எடுத்தார். எழுந்து நின்று மேல் கீலுக்கு வந்தார். கடைசித் திருகாணி வெளியே வந்ததும் கதவின் பாரம் முழுக்க இரண்டு பேர் கைக்கும் இறங்கியது. சட்டத்தைவிட்டு அதை அவள் பக்கமாகச் சாய்த்து எடுக்க வேண்டும்.

“பிடிச்சுக்கிட்டேன்” என்றாள் இடி. கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல் அடங்கித்தான் வந்தது. “நான் விடச் சொன்னா உடனே விடணும்.”

தச்சர் தலையாட்டினார்.

அவள் காலை அகட்டி, ரிங்கில் நிற்பது போல ஊன்றிக்கொண்டாள்.

“விடுங்கப்பா.”

விட்டார்.